பால் கறக்கும் எருமையைக் கடாவுக்கு ஓட்டினேன்

மந்தமாக இருப்பவர்களை எருமை என்று திட்டுகிறார்களே, அவர்களில் ஒருவராவது ஒரு எருமையைக் கட்டி மேய்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். எருமைக்கு ஆள் தெரியும், கை தெரியும், பருவம் தெரியும். அந்தப் பருவம் தெரியாமல் இருந்தவர்கள் எங்கள் ஊர் மனிதர்கள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவர்களோடு நான் சண்டை போட்டேன். அதைச் சண்டை என்று சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை.

அன்னூரிலிருந்து கோயமுத்தூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது நான் வாழ்க்கைப்பட்ட ஊர். மாமனாருக்கு ஒரு கிணறும் கொஞ்சம் செம்மண் காடும் இருந்தன. சோளமும் பருத்தியும் போடுவார். பருத்தி விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வருவார். அவர் சாது. அவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குக் கல்யாணம் ஆனபோது எங்கள் அய்யன் சீரோடு சீராக எருமை நாகு ஒன்றையும் ஓட்டி அனுப்பினார். கன்று போடாத இளம் எருமை. என் நகைகள் அத்தையின், அதாவது மாமியாரின், பெட்டிக்குள் போயின. சீர்ப் பாத்திரங்கள் அந்த வீட்டு அடுக்களையில் கலந்துவிட்டன. என்னுடையது என்று தொட்டுச் சொல்ல அந்த எருமை ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதையும் அந்த வீட்டில் யாரும் என்னுடையது என்று சொன்னதில்லை. "நம்ம சின்ன எருமை" என்பார்கள்.

அது முதல் கன்று போட்டபோது வீடே சந்தோஷப்பட்டது. நல்ல கறவை. ஐப்பசியில் ஈன்றது. தை மாதக் குளிரில் அது ஒரு நாள் விடியற்காலையில் கத்த ஆரம்பித்தது. கயிற்றை இழுத்தது, வாலைத் தூக்கித் தூக்கி நின்றது. கடா தேடுகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் மாமா என்ன செய்தார் தெரியுமா? கயிற்றை இன்னும் கொஞ்சம் குறுக்கிக் கட்டினார்.

"கறவைல இருக்கற எருமையை எவனாச்சும் கடாவுக்கு உடுவானா? சினை புடிச்சா பாலு சுண்டிப்போகுமல்லோ. மொதல்ல பாலைக் கறந்து முடிப்பம். பொறகு பாத்துக்கலாம்."

ஊரே அப்படித்தான் செய்தது. பால் இருக்கும்வரை கறப்பார்கள், பால் வற்றிய பிறகு கடாவைத் தேடுவார்கள். ஆனால் பங்குனி வெயில் ஏறிவிட்டால் எருமை வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பருவம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கடாவுக்கு ஓட்டிப் போனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். மறுபடியும் மழை பெய்து, குளிர்ந்து, அது கத்துகிற வரைக்கும் சும்மா கட்டி வைத்துத் தீனி போட வேண்டியதுதான். அதன் பிறகு சினை பிடித்து, பத்து மாதம் சுமந்து, கன்று போட்டால்தான் பால். எங்கள் எருமையும் அப்படி ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு சொட்டுப் பால் இல்லாமல் நின்றது. சோளத்தட்டுப்போர் கரைந்துகொண்டே வந்தது. மாமாவுக்கு எரிச்சல்.

ஒருவழியாக அது ஆவணியில் இரண்டாவது கன்றைப் போட்டது. அதே மாதத்தில் மாமாவின் சொந்த எருமையும் கன்று போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தோம். அன்றைக்கே மாமா சொல்லிவிட்டார்:

"இன்னொருக்கா இந்தச் சின்ன எருமை இப்படி வறண்டு நின்னுதுன்னா, சந்தைக்கு ஓட்டிப்போடுவேன். ஆமா."

அவருடைய எருமைக்கு அந்த மிரட்டல் இல்லை. அதுவும்தான் முன்பு வறண்டு நின்றது. வறண்டு நின்றதற்கு எருமை என்ன செய்யும்? அது கத்தியது, இவர் கயிற்றைக் குறுக்கினார். குற்றம் யாருடையது?

மழைக்காலத்தில் எல்லா வீட்டு எருமையும் சேர்ந்தாற்போல் ஈன்றுவிடும். அப்போது அன்னூர்க் காப்பிக்கடைக்காரர் பால் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "தண்ணி கலந்திருக்குது" என்பார், விலையைக் குறைப்பார். சித்திரை வைகாசியில் அதே மனிதர் வேகாத வெயிலில் வீடு வீடாக வந்து நிற்பார். கொடுக்க யாரிடமும் பால் இருக்காது. இது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வருஷா வருஷம் நடந்தது. எருமையைத் தையிலேயே கடாவுக்கு விட்டால் பால் கொஞ்சம் குறையும் என்பது உண்மை, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த கன்று கார்த்திகையில் வந்துவிடும், அடுத்த கோடையில் கறவை இருக்கும். இந்தக் கணக்குப் போடப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

அந்தத் தை அமாவாசைக்கு மாமா திதி கொடுக்கக் கொடுமுடி போயிருந்தார். அன்று காலையில் பால் கறக்க உட்கார்ந்தேன். எருமை பாலை அடக்கிக்கொண்டது. பாதிப் போசிகூட நிறையவில்லை. வாலுக்குக் கீழே கண்ணாடிபோல் வழும்பு தொங்கியது. நான் எழுந்ததும் தலையைத் தூக்கி ஒரு கத்துக் கத்தியது. எனக்கு மனசு துள்ளியது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

"அவிய வரட்டும் கண்ணு. நாளான்னிக்கி வந்துருவாங்க" என்றார் அத்தை.

"நாளான்னிக்கி வரைக்கும் எருமை காத்துக்கிட்டிருக்குமுங்களா அத்தை? இன்னிக்கு உட்டாத்தானுங்க ஆச்சு."

"அதுக்கு? நீயா ஓட்டிட்டுப் போவே? பொம்பளை கடாவுக்கு எருமை ஓட்டறதை எங்கியாச்சும் பாத்திருக்கறயா? நாலு பேரு காறித் துப்புவாங்க."

"துப்பட்டுமுங்க. துடைச்சுக்கறேன்."

ஒரு வள்ளம் கம்பைக் கூடையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டேன். கடா வைத்திருப்பவருக்குத் தானியம் கொடுப்பதுதான் வழக்கம். அந்தக் கம்பும் நான் களையெடுத்துக் கூலியாக வாங்கியது. எருமையை அவிழ்த்தேன். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வேலிக்கு நடுவே ஓடும் இட்டேரியில் போகும்போது பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எருமை கத்துகிறது, நான் இழுக்கிறேன், சில இடத்தில் அதுதான் என்னை இழுக்கிறது. ஒருத்தி கேட்டாள்:

"ஏனுங்க்கா, எங்கீங்க போறீங்க, மாப்பிள்ளை பாக்கவா?"

"பாத்தாச்சு புள்ள. முகூர்த்தமே இன்னிக்குத்தான். சீர்த்தட்டுத் தூக்கிக்கிட்டுப் பொறகால வாங்க எல்லாரும்!"

அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. காறித் துப்புவார்கள் என்று அத்தை சொன்ன நாலு பேரில் இவர்கள் இல்லை.

பக்கத்து ஊர்த் தோட்டத்துக்காரர் ஒருவர்தான் கடா வைத்திருந்தார். வயசானவர். என்னைப் பார்த்ததும் தலையில் இருந்த துண்டை எடுத்து உதறினார்.

"ஏம்மணி, ஊட்ல ஆம்பளைங்க ஆரும் இல்லியா?"

"மாமா கொடுமுடி போயிருக்கறாருங்க."

"அப்ப வந்த பொறகு ஓட்டியாரச் சொல்லு. பொம்பளைப் புள்ளை நின்னு பாக்கற காரியமா இது?"

"நானு பாக்க வரலீங்க, எருமையை உட வந்தனுங்க. அக்கட்டால திரும்பி நிக்கச் சொன்னா நின்னுக்கறனுங்க."

அவர் எருமையின் மடியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அடக் கடவுளே, கறவை எருமையா? உம்பட மாமன் வந்து என்னையல்லோ கேப்பான்! வேண்டாஞ் சாமி. ஓட்டிட்டுப் போயிரு."

நான் கூடையை இறக்கி அவர் முன்னால் வைத்தேன். பிறகு கடா அடைத்திருந்த தொண்டுப்பட்டியின் வாசல் படலை நானே தூக்கி ஒதுக்கி, எருமையை உள்ளே விட்டேன். படல் கனம். கையில் சிராய்த்து ரத்தம் வந்தது. கிழவர் "ஏய், ஏய்" என்றார். கடாவுக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை. நான் சொன்னபடியே திரும்பி நின்று வேலியில் காய்த்திருந்த கோவைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பொண்ணுடா சாமி இது" என்று கிழவர் பின்னால் முனகுவது கேட்டது. கம்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமா கொடுமுடியிலிருந்து வருவதற்குள் செய்தி அவருக்கு வழியிலேயே கிடைத்துவிட்டது. வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"குடியானவன் ஊட்டு மருமவ, கூடையைத் தலைல வெச்சுக்கிட்டு, கடாவுக்கு எருமை ஓட்டிட்டுப் போனாளாமா! பஸ்ஸுக்குள்ளயே கேக்கறானுங்க. நானு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள போறது?"

"இருக்கற மூஞ்சியோடவே போங்க மாமா. நானு எருமையத்தான ஓட்டுனேன், ஆருது எருமையையும் திருடலீங்களே."

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். அதுவரை அந்த வீட்டில் மாமாவுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டு மூன்று நாள் பால் குறைந்தது. மாமா காலையில் போசியை எட்டிப் பார்த்துவிட்டு, வேலியிடம் சொல்வதுபோல், "போச்சு, எல்லாம் போச்சு" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரரும், "எதுக்கு புள்ள வம்பு? அய்யன் கால்ல உழுந்துரு" என்றார். "எருமைக்குப் பருவம் வந்துது, ஓட்டுனேன். இதுல கால்ல உழுகறதுக்கு என்னங்க இருக்குது?" என்றேன். அவர் திங்கட்கிழமை விடியுமுன் ஆலைக்குப் புறப்பட்டுவிட்டார்.

பால் திரும்பி வந்தது. மாசி, பங்குனி எல்லாம் வந்தது. எருமை மறுபடி கத்தவில்லை. எனக்குள் நம்பிக்கை ஊறியது. ஆனால் ஆனி பிறந்து மேற்கே இருந்து காற்று அடிக்க ஆரம்பித்தபோது பால் சரசரவென்று இறங்கியது. எனக்கு அது சினை நிற்பதற்கு நல்ல அடையாளம், மாமாவுக்கு அது தான் சொன்னது பலித்த அடையாளம். மாமாவின் எருமையும் அப்போது வற்றிக்கொண்டுதான் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. ஆடியில் ஒரு காலை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மாட்டு யாவாரியை வரச் சொல்லிவிட்டார்.

யாவாரி எருமையின் பல்லைப் பார்த்தார், மடியைப் பிடித்தார், வலது பக்க விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து அழுத்தினார். ஒரு தடவை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வறட்டு எருமைங்க. உள்ள ஒண்ணுமில்லீங்க."

மாமாவும் அவரும் துண்டுக்குள் கையை விட்டு விரல்பிடித்து விலை பேசினார்கள். மாமா கேட்ட விலைக்கு யாவாரி உடனே சரியென்று தலையை ஆட்டிவிட்டார். அங்கேதான் எனக்கு உறைத்தது. மாட்டு யாவாரி பேரம் பேசாமல் தலையாட்டுவாரா? உள்ளே ஒன்றுமில்லாத எருமைக்கு?

ஓடிப் போய்க் கிணற்றுச் சில் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து தாழியில் ஊற்றினேன். எருமை தலையை விட்டு உறிஞ்சியது. வயிற்றில் குளிர்ந்த தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கிற கன்று சும்மா இருக்காது.

"மாமா, ஒருக்கா இங்க கையை வையுங்க."

"அக்கட்டப் போ புள்ள."

"வெச்சுப் பாத்துட்டு வித்துப்போடுங்க. நானு ஒண்ணும் சொல்லலை. ஒருக்கா வையுங்க!"

யாவாரி நெளிந்தார். அந்த நெளிவைப் பார்த்துத்தான் மாமா கையை வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். சித்தநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் கை வெடுக்கென்று துள்ளியது. உள்ளே இருந்த கன்று அவரை உதைத்துவிட்டது. எத்தனை பேர் அவரை உதைக்க ஆசைப்பட்டிருப்பார்கள், அது செய்து காட்டிவிட்டது.

"அட, இப்பத்தானுங்க தெரியுது" என்றார் யாவாரி, ஒன்றும் நடக்காததுபோல்.

மாமா அவரை முறைத்தார். நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடியவில்லை, மாமா சொன்னார்:

"சினை எருமைன்னா வெலையே வேறயல்லோ. அதைப் பேசுவோம் வாங்க."

அடப் பாவி மனுஷா! எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதுகூட அடக்க முடியவில்லை. மாடு விற்றால் விற்பவர்தான் கயிற்றைப் பிடித்து வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து முறை. நான் முளைக்குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்த்து என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"கவுறு எங்கையில இருக்குதுங்க மாமா. எங்கய்யன் எனக்குக் குடுத்த எருமை. நானாக் கவுறு குடுத்தாத்தான் இது போகும். நானு குடுக்க மாட்டேன்."

"எங்காட்டுத் தட்டைத் தின்னு வளந்த எருமை இது!"

"தின்னுதுங்க. உங்க ஊட்ல அத்தனை பேரும் அது மோரைத்தான குடிச்சீங்க? நெய்யி ஆரு தின்னாங்க? அதெல்லாம் கழிச்சுக்குங்க."

யாவாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சண்டை இருக்கற ஊட்டுப் பண்டம் நமக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னார்: "இனி எம்போருல ஒரு தட்டு உருவக் கூடாது."

உருவவில்லை. வரப்பு வரப்பாகப் புல் அறுத்தேன். காடு காடாகக் களையெடுத்துக் கூலியில் பருத்திக்கொட்டை வாங்கி ஆட்டிப் போட்டேன். கை காய்த்துப் போயிற்று. ராத்திரி படுத்தால், கன்று செத்துப் பிறந்தால் என்ன செய்வது என்று பயம் வரும். அழுதும் இருக்கிறேன். காலையில் யாருக்கும் காட்டியதில்லை. அத்தை சில நாள் மாமா அந்தப் பக்கம் போனதும் ஒரு கை தவிட்டைக் கொண்டுவந்து தாழியில் போட்டுவிட்டுப் போவார்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் எருமை கன்று போட்டது. பெட்டைக் கன்று. சீம்பாலை அத்தைக்கு முதலில் கொடுத்தேன். பக்கத்தில் மாமாவின் எருமை, போன வருஷம் ஆவணியில் என்னுடையதோடு சேர்ந்து ஈன்ற அதே எருமை, வறண்டு நின்று கத்திக்கொண்டிருந்தது. அதை இனிமேல்தான் கடாவுக்கு விட வேண்டும். அதன் பால் இன்னும் பத்து மாதத்துக்கு அப்பால் இருந்தது.

சித்திரை வந்தது. ஊரில் பாதிக் கட்டுத்தரையில் மடி சுருங்கிய எருமைகள். என் எருமை மட்டும் காலையிலும் மாலையிலும் போசி நிறையக் கறந்தது. காப்பிக்கடைக்காரர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் மாமாவிடம் பேசினார். மாமா விலை சொன்னார், அச்சாரம் வாங்கி மடியில் செருகினார். நான் அங்கேயேதான் நின்றேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் காப்பிக்கடை ஆள் பாத்திரத்தோடு வந்து நின்றான். நான் கட்டுத்தரைக்குப் போய்க் கன்றை அவிழ்த்து விட்டேன். அது முட்டி முட்டிக் குடித்தது. நான்கு காம்பையும் காலி செய்துவிட்டு வாயில் நுரையோடு நிமிர்ந்து பார்த்தது.

"என்ன புள்ள பண்றே!" என்று மாமா ஓடி வந்தார்.

"கன்னு குடிக்குதுங்க மாமா."

"பாலு பேசியிருக்குதல்லோ!"

"உங்ககிட்டத்தானுங்க பேசுனாங்க. எங்கிட்ட ஆரும் பேசலீங்களே."

மாலையிலும் கன்று குடித்தது. அடுத்த நாள் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே கறக்க உட்கார்ந்தார். எருமைக்குக் கை தெரியும் என்று சொன்னேனே. பாலை அடக்கிக்கொண்டு கொஞ்சநேரம் பொறுத்தது. பிறகு ஒரு காலைத் தூக்கிப் போசியை உருட்டிவிட்டது. அத்தை சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினார். மாமா எழுந்து, சாணி ஒட்டிய வேட்டியோடு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காப்பிக்கடைக்காரரே வந்தார். முகம் கடுத்திருந்தது. "ஏனுங்க கவுண்டரே, அச்சாரம் வாங்கிப்போட்டு இப்படிப் பண்றீங்களே, அங்க கடைல கூட்டம் காப்பி இல்லாம திரும்பிப் போகுதுங்க" என்றார்.

மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மடியிலிருந்த அச்சாரத்தை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அது எம்பட எருமை இல்லீங்க. என்ற மருமவளோட எருமை. அந்தப் புள்ளகிட்டயே பேசிக்குங்க."

காப்பிக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். மாமா சொன்ன விலையையே சொல்லி, சரிதானே அம்மணி என்றார்.

நான் அதற்கு மேலே கேட்டேன். கொடுத்தார்.